வில்லனின் நாற்காலி

1918-இல் ஒரு ஜப்பானியர் பர்மாக்காரர் ஆனார். அதற்காக அவர் உடை மாற்றவில்லை, வீடு மாற்றவில்லை, முகத்தில் ஒரு தசையைக்கூட அசைக்கவில்லை. மூன்று வருடம் முன்பு எடுத்த ஒரு மௌனப் படத்தில் வசனம் காட்டும் அட்டைகளை மட்டும் எடுத்துவிட்டு வேறு அட்டைகளைச் சேர்த்தார்கள். ஹிஷுரு டோரி என்ற ஜப்பானியத் தந்த வியாபாரி, ஹாக்கா அராகாவ் என்ற பர்மியத் தந்த வியாபாரியாகிவிட்டார். இன்று நமக்குப் பார்க்கக் கிடைப்பது இந்த மாற்றிய பிரதிதான்.

படத்தின் பெயர் ‘தி ச்சீட்’. ஏமாற்றுக்காரி என்று பொருள். (தமிழில் எழுதினால் உட்காரும் சீட் போலத்தான் கண்ணுக்குப் படுகிறது. அதுவும் ஒருவகையில் பொருத்தம்தான், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.) இயக்கியவர் செசில் பி. டெமில். பிற்காலத்தில் ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படத்தில் செங்கடலைப் பிளந்து காட்டிய அதே டெமில்தான். 1915 டிசம்பரில் வெளிவந்தது. அதைப் பகலில் எடுத்துக்கொண்டே இரவில் இன்னொரு படத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார் மனிதர். ‘தி ச்சீட்’ ஓடும் நேரம் சுமார் ஒரு மணி.

பழைய ஹாலிவுட் பக்கம் அதிகம் போகாதவர்கள், இனவெறியும் பெண்ணடிமைத்தனமும் கலந்த இப்படி ஒரு படத்தை இன்று எப்படிப் பார்ப்பது, பார்க்கத்தான் வேண்டுமா என்று கேட்பதுண்டு. பொதுவாகப் பேசினால் அந்தக் கேள்வி வழுக்கிக்கொண்டே போகும். அதனால் இந்த ஒரு படத்தைப் பிடித்துக்கொள்கிறேன். கதையை முழுவதும் சொல்லப்போகிறேன். நூறு வயது தாண்டிய படத்துக்கு முடிவை மறைத்து வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட், பணக்காரர்களின் உலகம். எடித் ஹார்டி, ஃபேனி வார்ட் நடித்த பாத்திரம், செலவு செய்தே பழகியவள். கணவர் ரிச்சர்ட் தன் பணம் முழுவதையும் ஒரு முதலீட்டில் போட்டுவிட்டு, பலன் வரும்வரை கொஞ்சம் சிக்கனமாக இரு என்கிறார். எடித்துக்கு அது ஆகாத காரியம். பெல்ஜிய அகதிகளுக்காகச் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய 10,000 டாலர் அவள் பொறுப்பில் இருக்கிறது. ஒரு நண்பர் பங்குச்சந்தைத் துப்பு ஒன்று கொடுக்க, அந்தப் பணத்தை எடுத்துப் போடுகிறாள். மொத்தமும் போகிறது. அன்றைக்கு ஃபோர்டு மாடல் டி கார் ஒன்றை 500 டாலருக்குள் வாங்கலாம் என்பதை வைத்து, எவ்வளவு பெரிய பள்ளம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வட்டாரத்தின் செல்லப்பிள்ளையான டோரி பணம் தருகிறார், தன் ஆசைக்கு அவள் இணங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மறுநாளே கணவரின் முதலீடு பலித்துவிடுகிறது. சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டேன் என்று பொய் சொல்லி அவரிடம் 10,000 டாலர் வாங்கி, டோரியிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறாள். அவர் பணத்தை ஏற்க மறுக்கிறார். இருவருக்கும் கைகலப்பு. தன் கலைப்பொருள்களுக்குச் சூடு போடும் முத்திரையை நெருப்பிலிருந்து எடுத்து, அவள் தோளில் சூடு வைக்கிறார். அவள் அங்கே கிடந்த துப்பாக்கியால் அவரைச் சுட்டுவிட்டு ஓடுகிறாள். பின்னாலேயே வந்த கணவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்.

பிறகு கோர்ட். ரிச்சர்ட் குற்றவாளி என்று தீர்ப்பு வருகிறது. எடித் எழுந்து ஓடிவந்து, உடையை விலக்கித் தோளிலிருக்கும் சூட்டுத் தழும்பைக் காட்டுகிறாள். கூடியிருந்த கூட்டம் டோரியை அடித்தே கொல்லப் பாய்கிறது. நீதிபதி தீர்ப்பை ரத்து செய்ய, கணவனும் மனைவியும் கைகோத்து வெளியே நடக்கிறார்கள்.

கடைசி நேரத்தில் ‘நிறுத்துங்கள்!’ என்று கோர்ட்டுக்குள் ஓடிவரும் பெண்ணைத் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இதுதான் மெலோடிராமா. ‘மெலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு இசை, பாட்டு என்று பொருள். பிரெஞ்சு மேடைகளில், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பின்னணி இசையோடு நடத்திய உணர்ச்சி நாடகங்களிலிருந்து பிறந்த வடிவம். மிகையான அழுகை என்று இதை நாம் கேலி செய்கிறோம், ஆனால் அதன் உள்விதி வேறு: மனதுக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தாக வேண்டும். நல்லவள் நல்லவள் என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி தேவை. தோளில் ஒரு தழும்பு, கழுத்தில் ஒரு தாயத்து, பாதி கிழிந்த ஒரு கடிதம். குற்றக்கதையில் துப்பறிவாளர் தடயத்தைத் தேடுவார். குற்ற மெலோடிராமாவில் தடயம் உடம்பிலேயே எழுதியிருக்கும். அதைச் சபையில் திறந்து காட்டும் நொடிக்காகத்தான் முழுப் படமும் ஓடுகிறது.

இந்த விதியின் இன்னொரு பக்கம்தான் ஆபத்து. நல்லது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் கெட்டதும் தெரிய வேண்டும். பார்த்த உடனே கூட்டத்துக்குப் புரிகிற கெட்டவன் எப்படி இருப்பான்? சொந்த ஊர்க்காரன் போல இருக்க மாட்டான். மெலோடிராமாவுக்கு வில்லனின் நாற்காலி ஒன்று எப்போதும் தேவை. அதில் யாரை உட்கார வைப்பது என்பதை அந்தந்தக் காலத்தின் பயம் முடிவு செய்கிறது.

1915-இல் கலிபோர்னியாவின் பயத்துக்குப் பெயர் இருந்தது: ‘மஞ்சள் அபாயம்’. கிழக்காசியர்கள் திரண்டு வந்து வெள்ளையர் உலகை விழுங்கிவிடுவார்கள் என்ற கற்பனை. 1895-இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் இதே கருத்தில் ஓவியம் ஒன்றை வரையச் செய்து ஐரோப்பிய அரசர்களுக்கு அனுப்பியிருக்கிறார். 1905-இல் ஜப்பான் ரஷ்யாவைப் போரில் வென்றதும் அந்தப் பயம் இன்னும் முற்றியது. மறு வருடம் சான் பிரான்சிஸ்கோ பள்ளி நிர்வாகம் ஜப்பானியப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்ப உத்தரவு போட்டது. 1913-இல் கலிபோர்னியா, குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர்கள் நிலம் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டது; ஜப்பானியர் என்ற சொல்லையே பயன்படுத்தாமல் ஜப்பானிய விவசாயிகளைக் குறிவைத்த சட்டம். ஆசியர்கள் வெள்ளையரை மணப்பதற்கும் அங்கே தடை. 1948-இல்தான் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. டோரியாக நடித்த செஸ்ஸு ஹயகவா இந்த ஊரில்தான் வேலை செய்தார்.

இத்தனையும் படத்தில் பேச்சாக வருவதில்லை. துணியாக வருகிறது, வெளிச்சமாக வருகிறது. முதல் பாதியில் வெளியே வரும்போதெல்லாம் டோரி மேற்கத்திய உடையில் இருக்கிறார், காரோட்டுகிறார், எல்லோரையும்விட நாகரிகமாகத் தெரிகிறார். தன் வீட்டுக்குள் போனதும் கீழ்நாட்டு அங்கி. வெளியே கோட்டு, உள்ளே கிமோனோ என்ற இந்த ஒரே மாற்றத்தில் படம் தன் வாதத்தை முடித்துவிடுகிறது: இவர்கள் எவ்வளவு பழகினாலும் உள்ளுக்குள் வேறு ஆள்தான். 1942-இல் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தபோது அதே வாதத்தைத்தான் பேசினார்கள். படம் பார்த்ததால் முகாம் வந்தது என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர்.

வெளிச்சம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சினிமா மாணவர்கள் இந்தப் படத்தை இன்றும் பார்ப்பது அதற்காகத்தான். அதுவரை பெரும்பாலான படங்களில் வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழும்; நடிகர் தெரிய வேண்டும், அவ்வளவே. டெமிலும் ஒளிப்பதிவாளர் ஆல்வின் வைக்காஃபும், மேடை நாடகத்திலிருந்து வந்த கலை இயக்குநர் வில்ஃப்ரட் பக்லண்டும் சேர்ந்து, ஒரு பக்கமிருந்து மட்டும் ஒளியைப் பாய்ச்சி மீதியை இருட்டில் விட்டார்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயரால் இதை ‘லாஸ்கி லைட்டிங்’ என்றே சொல்லத் தொடங்கினார்கள். இது பற்றி டெமில் சொல்லும் ஒரு கதை உண்டு. முந்தைய படம் ஒன்றில் இப்படிப் பாதி முகத்தை மட்டும் காட்டியபோது, விற்பனையைக் கவனித்த சாமுவேல் கோல்டுவின் (அன்று அவர் பெயர் கோல்டுஃபிஷ்) பதறிப்போனாராம்: பாதி முகம் காட்டினால் தியேட்டர்காரர்கள் பாதிப் பணம்தானே தருவார்கள்! இது ரெம்ப்ராண்ட் (ஒளியையும் இருளையும் மோதவிட்டு வரைந்த டச்சு ஓவியர்) பாணி ஒளியமைப்பு என்று சொல்லுங்கள் என்று பதில் போனதும், அப்படியானால் இரண்டு மடங்கு கேட்கலாம் என்று உற்சாகமாகிவிட்டாராம்.

‘தி ச்சீட்’ தொடங்கும் விதத்தைப் பாருங்கள். சுற்றிலும் கும்மிருட்டு. கணப்புச் சட்டியின் தணல் கீழிருந்து டோரியின் முகத்தில் படுகிறது. ஒரு சிறு கலைப்பொருளின் அடியில் முத்திரையைச் சூடு வைத்துவிட்டு விளக்கை அணைக்கிறார். ஜப்பானின் ஷின்டோ மதக் கோயில்களின் முன் நிற்கும் தோரி வளைவு போன்ற வடிவம் அந்த முத்திரையில் இருக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இந்த ஆள் தனக்குச் சொந்தமானதற்கெல்லாம் அடையாளம் போடுபவர் என்பது நமக்குள் பதிந்துவிட்டது. பின்னால் எடித்தின் தோளுக்கு என்ன வரப்போகிறது என்பதைப் படம் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டது. சுடப்பட்டபின் அவர் காகிதத் தடுப்பில் சாய்ந்து சரிய, மறுபுறம் நிற்கும் கணவருக்கு நிழலும் ரத்தக் கறையும்தான் தெரிகின்றன. சிறையில் ரிச்சர்ட் மேல் கம்பிகளின் நிழல் விழுகிறது. இன்றைக்கும் இவை அசத்தும் காட்சிகள்.

இங்கேதான் முதல்முறை பார்ப்பவர்கள் தடுமாறுவார்கள். நானும் தடுமாறினேன். இனவெறியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கலையை மட்டும் ரசிப்போம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால், முடியாது. படத்தில் எது மிக அழகோ அதுதான் மிக விஷமம். அந்த நெருப்பு வெளிச்சம் ஒரு மனிதனைப் பயங்கரமாக்குவதற்காகவே கண்டுபிடித்து வைத்த வெளிச்சம். அரிசியில் கல் கலந்தது போல இருந்திருந்தால் பொறுக்கி எடுத்துவிடலாம். இது பாலில் கலந்த தண்ணீர்.

அதே வெளிச்சம் தயாரிப்பாளர்கள் எதிர்பார்க்காத வேறொன்றையும் செய்தது. ஃபேனி வார்ட் நாடக மேடையிலிருந்து வந்தவர். கையை விரித்து, கண்ணை உருட்டி, ஒவ்வொரு உணர்ச்சியையும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி நடிக்கிறார். பக்கத்தில் ஹயகவா அசையாமல் நிற்கிறார். புருவம் லேசாக நகர்கிறது, அவ்வளவுதான். இன்று பார்த்தால் அவர் ஒருவர்தான் சினிமாவில் நடிக்கிறார், மற்றவர்கள் எல்லோரும் மேடையில் இருக்கிறார்கள். பாரிஸில் 1916-இல் இந்தப் படம் ஓடியபோது எழுத்தாளர் கொலெத் அதைப் புகழ்ந்து எழுதினார். விமர்சகர் லூயி தெல்லுக் ஹயகவாவைக் கொண்டாடினார். அமெரிக்காவிலோ, வெறுப்பதற்காக உருவாக்கிய அந்த வில்லனைப் பார்க்கப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஹயகவா நட்சத்திரம் ஆனார். நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் ஒன்று நினைக்க, உட்கார்ந்தவர் வேறொன்றைச் செய்துவிட்டார்.

‘அந்தக் காலம் அப்படி’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறதே, பழைய படங்களைப் பற்றிப் பேசும்போது சமாதானமாக வந்து விழும். இந்தப் படத்துக்கு அது செல்லாது. வெளிவந்த அதே சமயத்தில், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஜப்பானியப் பத்திரிகையான ரஃபு ஷிம்போ அதைக் கடுமையாக எதிர்த்தது. அங்கிருந்த ஜப்பானியர்கள், இது எங்கள் மேல் வெறுப்பைத் தூண்டும் என்று குரல் கொடுத்தார்கள். ஹயகவா தன் இனத்துக்கே துரோகம் செய்தவர் என்று திட்டும் வாங்கினார். படம் ஜப்பானில் வெளியாகவே இல்லை. அந்தக் காலத்திலும் இது தவறென்று தெரிந்தவர்கள் இருந்தார்கள், சத்தமாகவே சொன்னார்கள். ‘அந்தக் காலம்’ என்று நாம் சொல்லும்போது யாருடைய காலத்தைச் சொல்கிறோம் என்று கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சத்தத்துக்குக் கிடைத்த பதில்தான் நான் தொடக்கத்தில் சொன்ன அட்டை மாற்றம். 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஜப்பான் அதே அணியில் இருந்தது. நேச நாட்டுக்காரரை இப்படிக் காட்டிக்கொண்டு படத்தை மறுபடி ஓட்ட முடியாது. அதனால் 1918 மறுவெளியீட்டில் பர்மா. பர்மா அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதற்கென்று வாஷிங்டனில் ஒரு தூதர் கிடையாது. புகார் கொடுக்க ஆள் இல்லாத நாடு. சுவாரசியம் என்னவென்றால், அட்டை மாறினாலும் படம் மாறவில்லை. பர்மாக்காரர் ஜப்பானியக் காகிதக் கதவுகளுள்ள வீட்டில், ஜப்பானிய அங்கியில், ஜப்பானிய முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறார். யாருக்கும் உறுத்தவில்லை போலும். கதைக்குத் தேவைப்பட்டது அந்நியன் ஒருவன். அவன் எந்த ஊர் என்பது அட்டைக்காரர் பாடு.

இதற்குப் பிறகு அந்த நாற்காலி ஊர் சுற்றியது. 1923-இல் போலா நெக்ரி நடிக்க இதே கதையை மறுபடி எடுத்தார்கள். இம்முறை வில்லன் ராவ்-சிங் என்ற இந்திய இளவரசன்! அதிலும் அவன் உண்மையான இந்தியன்கூட இல்லை, இளவரசன் வேஷம் போட்ட ஒரு மோசடிக்காரன். ராவும் சிங்கும் எந்த ஊரில் ஒரே பெயராகச் சேர்ந்தார்கள் என்று கேட்காதீர்கள். 1931-இல் டலூலா பேங்க்ஹெட் நடித்த பேசும்படத்தில் வில்லன் வெள்ளைக்காரனே; ஆனால் கீழ்நாடுகளில் சுற்றிவிட்டு அந்தப் பழக்கவழக்கங்களோடு திரும்பியவன். ஆள் வெள்ளையானாலும் தீமை கிழக்கிலிருந்துதான் இறக்குமதியாக வேண்டியிருந்தது. 1937-இல் பிரான்சில் மார்செல் லெர்பியே எடுத்தபோது மறுபடியும் ஹயகவாவே வந்து உட்கார்ந்தார். ஜப்பானியன், பர்மியன், போலி இந்தியன், கிழக்கத்திய வாடை அடிக்கும் வெள்ளையன். ‘சீட்’ என்று எழுதுவதும் ஒருவகையில் பொருத்தம் என்றது இதற்காகத்தான்.

இனத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது நழுவிவிடக்கூடிய ஒன்று உண்டு. தலைப்பு டோரியைப் பற்றியதல்ல, எடித்தைப் பற்றியது. வாக்குக் கொடுத்து மீறியவள் அவள். உடைக்கும் விருந்துக்கும் பணம் கேட்கிற, கணவனிடம் பொய் சொல்கிற, தானாகப் பங்குச்சந்தைக்குப் போகிற பெண் எங்கே போய் முடிவாள் என்று படம் விரலை ஆட்டிக் காட்டுகிறது. ரிச்சர்டும் பங்கு வாங்கித்தான் சூதாடுகிறார். அவர் ஜெயிக்கிறார், அதற்குப் பெயர் முதலீடு. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது. கோர்ட்டில் கொதிக்கும் அந்தக் கூட்டத்தையும் கவனியுங்கள். ஒரு பெண்ணுக்கு வலித்ததே என்ற கோபமா, நம்முடைய பெண்மேல் அவன் அடையாளம் போட்டுவிட்டானே என்ற கோபமா? சூடு போட்டவரும் கூட்டமும் ஒரே மொழியில்தான் பேசுகிறார்கள்: அவள் யாருடைய சொத்து? அந்தக் கும்பலைப் படம் கண்டிக்கவில்லை. கிட்டத்தட்ட அவர்களோடு சேர்ந்து எழுந்து நிற்கிறது. கும்பல் கொலைகள் அமெரிக்காவில் நிஜமாகவே நடந்துகொண்டிருந்த வருடம் அது. 1915 ஆகஸ்டில் ஜார்ஜியாவில் லியோ ஃபிராங்க் என்ற யூதரைச் சிறையிலிருந்து இழுத்துப் போய் மரத்தில் தொங்கவிட்டார்கள். தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தச் செய்தியைப் படித்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

நீங்கள் பார்ப்பதென்றால் என் யோசனை, இரண்டு முறை பாருங்கள். முதல் முறை கதைக்குள் விழுந்துவிடுங்கள்; எங்கே உங்களுக்கே டோரிமேல் கோபம் வந்தது, எந்த நொடியில் கூட்டத்தோடு நீங்களும் எழுந்தீர்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் படங்கள் எவ்வளவு திறமையானவை என்பது அப்போதுதான் தெரியும். வெளியே நின்று நூறு வருடத்து முன்னோரைக் கண்டிப்பதில் பெரிய சிரமம் இல்லை. இரண்டாம் முறை சத்தத்தை நிறுத்திவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் இசை பிற்காலத்தில் சேர்த்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம். டோரி வரும்போதெல்லாம் ‘கீழ்நாட்டு’ ராகம் ஒலிக்கும் பிரதியும் இருக்கலாம், அது நம் காலத்துப் பங்களிப்பு. அட்டைகளைப் படிக்காமல், கைகளையும் துணிகளையும் மட்டும் பாருங்கள். அட்டை இல்லாதபோது டோரிக்கு ஊர் இல்லை, ஹயகவா மட்டும்தான் இருக்கிறார்.

அவர் கதை அங்கே முடியவில்லை. இந்த மாதிரி வேடங்களே வந்துகொண்டிருந்ததில் சலித்து, 1918-இல் ஹாவொர்த் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதில் அவர் எடுத்த ‘தி டிராகன் பெயின்டர்’ இன்றும் கிடைக்கிறது. 1919-இல் வந்தது, அவரும் அவர் மனைவி ட்சுரு அவோகியும் கணவன் மனைவியாகவே நடித்த, வில்லன் நாற்காலியே இல்லாத படம். ‘தி ச்சீட்’ பார்த்த கையோடு அதையும் பார்ப்பது நல்லது. நம்மில் பலருக்கு அவரை வேறு இடத்தில் தெரியும்: இலங்கையின் கித்துள்கலவில் பாலம் கட்டிப் படமாக்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’, 1957. போர்க்கைதிகள் முகாமை நடத்தும் கர்னல் சைட்டோ அவர்தான். அந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. அந்தப் படத்தின் களமான, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதையில் மலாயாவிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களுக்கு அந்தப் படத்தில் இடமில்லை என்பது இன்னொரு கட்டுரைக்கான விஷயம்.

‘தி ச்சீட்’டின் கடைசிக் காட்சிக்குத் திரும்புவோம். எடித்தும் ரிச்சர்டும் கோர்ட்டின் நடுப்பாதையில் கைகோத்து வருகிறார்கள். இரண்டு பக்கமும் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறது. தேவாலயத்தில் மணமக்கள் வெளியேறுவதைப் போலவே அமைத்திருக்கிறார்கள், இரண்டாவது கல்யாணம் மாதிரி. ஒரு மனிதனைச் சுட்டதை அவளே சபையில் ஒப்புக்கொண்டு சில நிமிடங்கள்தான் ஆகின்றன. யாரும் அவளை நிறுத்தவில்லை. அடிபட்ட டோரி எங்கே என்று நான் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்தித் தேடினேன். கேமரா அவர் பக்கம் திரும்பவே இல்லை.